நடக்காத பிள்ளைக்கும் எலும்பு உண்டு



நோயாளிப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் போகிறவர்கள் மனத்துக்குள்ளே நினைத்து, வெளியே சொல்லத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. சிலர் தயங்காமற் கேட்டும் விடுகிறார்கள். கட்டிலிலே அசைவில்லாமல் ஒரு பிள்ளை கிடக்கிறது. அதன் கழுத்திலே துளையிட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். அருகிலே நிற்கும் இயந்திரம் மூச்சுக் கொடுக்கிறது. தாய் பிள்ளையின் காலை மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டிருக்கிறாள்; எலும்பு பலப்படுவதற்கென்று வைத்தியர் எழுதித் தந்த மருந்தை அளந்து ஊற்றுகிறாள். பார்த்துக்கொண்டிருந்த உறவினர் கேட்கிறார்: "பிள்ளை மூச்சு விடுவதே பெரிய காரியம். நடக்கப்போகிற பிள்ளையா இது? எலும்பைப் பார்த்து என்ன செய்யப்போகிறாய்?"

கேட்டவர் கல்நெஞ்சர் அல்லர். அந்தத் தாயின் களைப்பைக் கண்டு இரங்கியே அப்படிக் கேட்டார். ஆயினும் அந்தக் கேள்விக்குள்ளே வேறொரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒரு பிள்ளையின் மூச்சைக் காப்பாற்றிவிட்டால் அதற்குரிய நமது கடமை முடிந்துவிடுகிறதா? பயன்படப்போவதில்லை என்று நாம் கருதும் உறுப்பைப் பேணுவது வீண் வேலையா? இதைச் சற்றுப் பொறுமையாக நினைத்துப் பார்ப்போம்.

கைகள் கொடுத்த மூச்சு

மனிதனுக்கு இயந்திரம் மூச்சுக் கொடுக்கத் தொடங்கி ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவிலே பிலிப் டிறிங்கர் என்பவர் அமைத்த 'இரும்பு நுரையீரல்' 1928இல் பொஸ்ரன் நகரத்துச் சிறுமி ஒருத்திக்கு முதன்முதலாகப் பயன்பட்டது. 1952இல் டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனிலே இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுவிட முடியாமல் வைத்தியசாலைக்கு வந்தவர்களில் முதல் 31 பேருக்குள் 27 பேர் இறந்துபோயினர். அப்போது பியோன் இப்சன் என்னும் வைத்தியர், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்திலே துளையிட்டுக் குழாய் வைத்து, இறப்பர்ப் பையொன்றைக் கையால் அமுக்கிக் காற்றுச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். போதிய இயந்திரங்கள் இல்லாமையால் மருத்துவ மாணவர்கள் ஏறத்தாழ 1500 பேர் முறைவைத்து, இரவு பகலாக, மாதக்கணக்கில் பையை அமுக்கி நோயாளரின் உயிரைக் காத்தனர்.

இலங்கையிலே 1993இன் பின் இளம்பிள்ளை வாதம் காணப்படவில்லை. தடுப்பு மருந்து செய்த நன்மை அது. இன்று நீண்டகாலம் மூச்சுத்துணை வேண்டி நிற்பவர்கள் வேறு பிள்ளைகள். மாதம் நிறையுமுன் பிறந்து நுரையீரல் பழுதடைந்த குழந்தைகள் ஒரு சாரார். இயந்திரத்தால் உயிர்பிழைத்த குழந்தைகளின் இந்த நுரையீரல் நோயை 1967இலேதான் வில்லியம் நோர்த்வே என்பவரும் அவருடைய தோழர்களும் முதலில் விவரித்தனர். தசைகள் நாளுக்கு நாள் நலியும் பரம்பரை நோயுள்ள பிள்ளைகளும், விபத்திலே முதுகுத் தண்டு பாதிக்கப்பட்ட பிள்ளைகளும் மற்றவர்கள். முன்னைய தலைமுறையில் இவர்களிற் பலர் பிழைத்திருக்கமாட்டார்கள். இன்று பிழைக்கிறார்கள், வளர்கிறார்கள். வளர்வதனாலேயே எலும்பின் கேள்வியும் எழுகிறது.

எலும்புக்கு நேர்வது

எலும்பைக் கல்லைப்போல உயிரற்ற பொருள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது தசையைப்போலவே உயிருள்ளது. பழைய எலும்பு நாள்தோறும் கரைக்கப்படுகிறது, புதியது கட்டப்படுகிறது. எங்கே எவ்வளவு கட்டவேண்டும் என்பதை அதன்மேல் வரும் பாரமும் தசையின் இழுப்புமே பெரிதும் தீர்மானிக்கின்றன. சுமக்கும் சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை அமைத்துக்கொள்கிறது என்பதை 1892இலேயே யூலியஸ் வொல்ஃப் என்னும் ஜெர்மானிய வைத்தியர் நூலாக எழுதிவைத்தார். பாரமே தெரியாத விண்வெளியிலே தங்கும் திடகாத்திரமான வீரர்கள்கூட, இடுப்பு போன்ற இடங்களிலே மாதமொன்றுக்கு நூற்றுக்கு 1 முதல் 1.5 வீதம்வரை எலும்புச் செறிவை இழக்கிறார்கள். அப்படியானால் ஆண்டுக்கணக்கிற் படுக்கையிலிருக்கும் சின்னப் பிள்ளையின் எலும்புக்கு என்ன நேரும்?

வேறு காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. தாயின் வயிற்றிலே குழந்தை தனக்கு வேண்டிய கல்சியத்திலும் பொசுபரசிலும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைக் கடைசி மூன்று மாதங்களிலேதான் சேர்க்கிறது. முந்திப் பிறந்த குழந்தைக்கு அந்தச் சேமிப்பு இல்லை. நுரையீரலிலே நீர் கட்டாதிருக்கக் கொடுக்கும் சில மருந்துகள் கல்சியத்தைச் சிறுநீரோடு வெளியேற்றுகின்றன. வலிப்புக்குக் கொடுக்கும் மருந்துகளிற் சில விற்றமின் டியைக் குறைக்கின்றன. ஸ்டெரோயிட் மருந்தின் கதை இன்னும் இக்கட்டானது. டூஷென் என்னும் தசைநலிவு நோயுள்ள சிறுவர்களுக்கு அது நடக்கும் காலத்தையும் மூச்சின் பலத்தையும் நீடித்துக் கொடுக்கிறது. அதே மருந்து முள்ளந்தண்டு எலும்புகளை நலியச் செய்து, அவை உள்ளுக்குள் நசுங்கவும் காரணமாகிறது. மூச்சுக்கு நல்லது எலும்புக்குக் கேடாகிறது. எனினும் வைத்தியர் அதைக் கொடுக்கவே வேண்டியிருக்கிறது.

இப்படி நலிந்த எலும்பு முறிவதற்கு விழவேண்டியதில்லை. சட்டை மாற்றக் கையை இழுத்தாற் போதும். துணி மாற்றுவதற்குக் கணுக்காலைப் பிடித்துத் தூக்கினாற் போதும்.

ஓசையில்லாத அழுகை

இங்கே ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். நாம் பேசுவதும் அழுவதும் குரல்வளை வழியே காற்றுப் போவதனால். கழுத்துக் குழாய் வைத்த பிள்ளையின் மூச்சோ குரல்வளைக்குக் கீழேயே உள்ளே போய் வெளியே வந்துவிடுகிறது. பேசுவதற்கென்று விசேட அடைப்பான் பொருத்த இயலாத பிள்ளை அழும்போது வாய் கோணும், கண்ணீர் வழியும், சத்தம் வராது. முகத்தசையும் நலிந்திருந்தால் முகங்கூடக் காட்டிக்கொடுக்காது.

எலும்பு முறிந்த பிள்ளை ஒன்று அடுத்த அறையிலே சத்தமில்லாமல் அழுதுகொண்டிருக்கக்கூடும். இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறது, மூச்சு நடக்கிறது, எல்லாம் நலம் என்று நாம் தேநீர் குடித்துக்கொண்டிருக்கக்கூடும். நாடி விரைவாக அடிப்பது, காரணமின்றி வியர்ப்பது, ஒரு கையோ காலோ வீங்கிச் சுடுவது, தொட்டவுடன் கண் கலங்குவது ஆகியவையே அந்தப் பிள்ளையின் மொழி. பக்கத்திலிருந்து நாளும் பார்க்கிறவருக்கு மட்டுமே அந்த மொழி விளங்கும்.

எலும்பு எதற்கு?

இனி உறவினரின் கேள்விக்கு வருவோம். நடக்காத பிள்ளைக்கு எலும்பு எதற்கு?

முதலாவது, நடக்காத பிள்ளைக்கும் நோகும். எலும்பு முறிந்தால் ஓட்டப்பந்தய வீரனுக்கு எவ்வளவு நோகுமோ அவ்வளவு இதற்கும் நோகும். நோவைச் சொல்ல வழியில்லாமையால் அதன் துன்பம் இன்னும் பெரிது.

இரண்டாவது, எலும்பு நடப்பதற்கு மட்டும் உரியதன்று. நெஞ்சுக் கூடு எலும்பினால் ஆனது. விலா எலும்புகள் நலிந்தாலும் முதுகு கூனி வளைந்தாலும் நுரையீரல் விரிய இடமில்லாமற் போகிறது. மூச்சுத்தான் முக்கியம், எலும்பு அப்புறம் என்று பிரித்துப் பேச உடல் இடங்கொடுப்பதில்லை.

மூன்றாவது காரணமே தலையாயது. ஓர் உறுப்பு எதற்குப் பயன்படும் என்று கேட்கத் தொடங்கினால், அடுத்த படியாக அந்தப் பிள்ளையே எதற்குப் பயன்படும் என்று கேட்போம். அதன்பின் முதியவரை, புத்தி சுவாதீனமற்றவரை, வேலை செய்ய முடியாதவரை எல்லாம் அதே தராசிலே வைப்போம். நமது விசுவாசம் அந்தத் தராசை ஏற்பதில்லை. மனிதன் எதையாவது செய்வதனால் மதிப்புப் பெறுகிறவன் அல்லன். இறைவன் அவனை விரும்பிப் படைத்ததனால் மதிப்புள்ளவன். அந்த மதிப்பு அவனுடைய உடல் முழுவதற்கும் உரியது.

சாதாரணக் கடமை

"திருச்சபையே அசாதாரணமான வழிகளைக் கையாளவேண்டிய கட்டாயம் இல்லை என்று சொல்லியிருக்கிறதே" என்று ஒருவர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான்.

1957 நவம்பர் 24இலே பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், மயக்கமருந்து வைத்தியர்கள் மூச்சுக் கருவியைக் குறித்து விடுத்த கேள்விகளுக்கு விடையளித்தார். உயிரைப் பேணும் கடமை உண்மையான கடமையே. ஆயினும் பொதுவாக அது சாதாரண வழிகளையே கோருகிறது. அளவுக்கு மிஞ்சிய சுமையை ஒருவர்மேல் சுமத்துவதில்லை என்பது அவருடைய போதனையின் சாரம். 1980இலே விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கையும் இதனைத் தெளிவாக்கியது. மரணம் நெருங்கிவிட்ட வேளையிலே, துன்பத்தை நீடிக்க மட்டுமே உதவும் சிகிச்சையை மனச்சாட்சியோடு விட்டுவிடலாம். ஆனால் நோயாளிக்கு உரிய இயல்பான பராமரிப்பை நிறுத்தலாகாது என்பதே அதன் நிலை.

நமது விடயம் இங்கேதான் தெளிவு பெறுகிறது. மூச்சுக் கருவி ஒரு வேளை அசாதாரண வழியாகலாம். அதைத் தொடங்குவதோ தொடர்வதோ வைத்தியரும் பெற்றோரும் சேர்ந்து, செபத்தோடு, தீர்மானிக்கவேண்டியது. ஆனால் ஊட்டுவது, கழுவுவது, நோகாமற் புரட்டிவிடுவது, வெளிச்சத்துக்குக் கொண்டுபோவது, நோவைத் தணிப்பது ஆகியவை அசாதாரணமானவை அல்ல. இவை என்றும் உரிய கடமை. எலும்பைப் பேணுவதிற் பெரும்பகுதி இந்தச் சாதாரண வேலைகளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. எலும்பின் செறிவை அளக்கும் பரிசோதனையும், மீண்டும் மீண்டும் முறிவு வரும் பிள்ளைகளுக்கு ஏற்றும் மருந்தும் வேறு. வாழ்வின் இறுதிக்கு வந்துவிட்ட பிள்ளையை அவற்றுக்காக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைக்கழிக்க வேண்டியதில்லை. ஆனால் பல ஆண்டு வாழக்கூடிய பிள்ளைக்கு, 'நடக்காத பிள்ளைதானே' என்ற ஒரே காரணத்தால் அவற்றை மறுப்பது நீதியாகாது.

பயமும் அன்பும்

கேள்வி கேட்ட உறவினரைப் பற்றி இவ்வளவு சொன்னோம். அன்பு மிகுந்த பெற்றோரும் தவறக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது பயம்.

ஒருமுறை எலும்பு முறிந்த பிள்ளையைத் தொடவே பெற்றோர் நடுங்குகிறார்கள். குழாய் கழன்றுவிடுமோ, கை முறிந்துவிடுமோ என்று பிள்ளையைக் கண்ணாடிப் பாத்திரம்போல் வைத்துவிடுகிறார்கள். தூக்குவதில்லை, புரட்டுவதில்லை, அறையைவிட்டு வெளியே கொண்டுபோவதில்லை. அசையாத எலும்பு மேலும் நலிகிறது. நலிந்த எலும்பைக் கண்டு பயம் மேலும் கூடுகிறது. காப்பாற்ற நினைத்த பயமே கேட்டுக்குத் துணைபோகிறது.

இது இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய பாடம் அன்று. தன் சுமையைத் தன்னளவிலே சுமந்துதான் எலும்பு எலும்பாகிறது. எந்தச் சுமையும் தெரியாமல் வளர்க்கப்படும் உள்ளமும் அப்படித்தான். ஆனால் சுமையை அளவறிந்து, கற்றுக்கொண்டு, மெல்லக் கொடுக்கவேண்டும். பயந்து விலகுவதும் அன்பன்று, முரட்டுத் துணிச்சலும் அன்பன்று. கற்றுக்கொண்ட கையே அன்பின் கை.

அந்தக் கைக்குத் தெரியவேண்டியவை சில. துணி மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துத் தூக்காமல் பிள்ளையைப் பக்கவாட்டிற் புரட்டவேண்டும். தூக்கும்போது ஒரு கை தலைக்கும் தோளுக்கும் கீழே, மறு கை இடுப்புக்குக் கீழே இருக்கட்டும். கை கால்களை அசைத்துவிடும் பயிற்சியை அதற்கெனப் பயின்றவரிடம் நேரிற் கற்றபின் செய்யுங்கள். நிற்கவைக்கும் சட்டம் பொருத்தலாமா என்றும் அவரிடமே கேளுங்கள். சாதாரணமாக 4 முதல் 8 வயதுவரை நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கல்சியமும், 9 முதல் 18 வயதுவரை 1300 மில்லிகிராமும், 600 அலகு விற்றமின் டியும் வேண்டும் என்பர். பாலும் நெத்தலியும் குரக்கனும் முருங்கையிலையும் நமக்குப் புதியவை அல்ல. ஆனால் குழாய்வழி உணவு பெறும் பிள்ளைக்கு எதை, எவ்வளவு என்பதை வைத்தியரே சொல்லவேண்டும். நல்லதுதானே என்று மாத்திரையை நாமாகக் கூட்டினால் சிறுநீரகத்திலே கல் உண்டாகலாம். வெயிலும் அப்படியே. யன்னற் கண்ணாடிக்கு உள்ளே விழும் வெயில் விற்றமின் டி தராது. வெயில் நிறைந்த நமது நாட்டிலே, மின்செருகிக்குப் பக்கத்துச் சுவரோடு கட்டிலைப் போட்டு ஒரு பிள்ளையை ஆண்டுக்கணக்கில் இருட்டிலே வைத்திருக்கலாமா?

இன்னுமொன்று. இத்தகைய பிள்ளைக்கு முறிவு ஏற்பட்டால் ஊரார் முதலிற் குற்றஞ்சாட்டுவது தாயைத்தான். "என்ன செய்தாளோ?" என்ற ஒரு சொல், வருடக்கணக்கில் நித்திரை முழித்த ஒருத்தியை உடைத்துவிடும். ஆராயாமல் அயலவர்மேல் தீர்ப்புச் சொல்வது பாவம் என்று சிறுவயதிலே கற்றோம் அல்லவா? வைத்தியர் விசாரிப்பது வேறு. எந்தப் பிள்ளைக்கும் தீங்கு நேராதபடி பார்ப்பது அவர் கடமை. ஆதலாற் பெற்றோரும் வெட்கத்தாலோ பயத்தாலோ முறிவை மறைக்காமல், நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும். மறைத்தால் நோவைத் தாங்குவது பிள்ளையே.

நால்வர் சுமந்த கட்டில்

இவ்வளவையும் ஒரு தாய் தனியே செய்ய முடியுமா? முடியாது. செய்யும்படி விடுவதும் நியாயமன்று.

கப்பர்நாகூமிலே நடக்க இயலாத ஒருவனை நால்வர் கட்டிலோடு சுமந்து, கூரையைப் பிரித்து, யேசுவின் முன் இறக்கியதை நற்செய்தியிலே வாசிக்கிறோம். ஆண்டவர் கண்டு மெச்சியது சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தையுமே. நமது பங்குகளிலே இத்தகைய கட்டில்கள் இருக்கின்றன. அவற்றைச் சுமக்கும் நால்வர் எங்கே?

2022ஆம் ஆண்டின் நெருக்கடி நாட்களை நினைத்துப் பாருங்கள். அவ்வருட மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலத்தையும் எட்டியது. நமக்கு அது புழுக்கமும் இருட்டுமாகப் போயிற்று. இயந்திரத்தால் மூச்சுவிடும் பிள்ளையுள்ள வீட்டுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அயலில் ஒரு மின்பிறப்பாக்கி இருந்தால், அதன் கம்பி அந்த வீட்டுக்கும் நீண்டிருக்கவேண்டும். வின்சன் டி போல் சபையினரும் மரியாயின் சேனையினரும் நோயாளரைச் சந்திக்கச் செல்கிறார்கள். செபமாலை சொல்லி முடித்தபின் அரைமணி நேரம் கூடத் தங்கி, "எப்படிப் பிடிக்கவேண்டும் என்று காட்டுங்கள் அக்கா, நீங்கள் சற்றுப் படுத்தெழும்புங்கள்" என்று சொல்லலாம். பிள்ளையை முற்றத்துக்குக் கொண்டுவர நான்கு கைகள் வேண்டும். கிளினிக்குக்குப் போக ஒரு வாகனம் வேண்டும்.

எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட உலர்ந்த எலும்புகளின் காட்சி நாமெல்லாம் அறிந்ததே. அங்கே முதலில் எலும்போடு எலும்பு சேர்ந்தது; நரம்பும் தசையும் தோலும் மூடின; அதன்பின்னரே மூச்சு வந்தது. நாம் பேசும் பிள்ளைகளுக்கு மூச்சு முதலில் வந்துவிட்டது. எலும்புகள் இன்னும் காத்திருக்கின்றன.

கொப்பன்ஹேகனிலே மாணவர்கள் கையால் கொடுத்த மூச்சை இன்று இயந்திரம் கொடுக்கிறது. அதற்காக இறைவனுக்கு நன்றி சொல்வோம். ஆனால் இயந்திரம் வந்துவிட்டது என்பதற்காகக் கைகள் விலகிக்கொள்ளலாகாது. வருகிற ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியிலே, உங்கள் வட்டாரத்தில் அப்படியொரு பிள்ளை இருந்தால் அந்த வீட்டுப் படலையைத் திறந்து போங்கள். பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அது அழுகிறதா என்று கேட்பதற்குக் காது போதாது.